கொல்லையில் சும்மா கிடக்கும் கொட்டகையைக் கோழி அடைய ஏற்றதாக மாற்றுவது எப்படி

எங்கள் கொல்லையில் 12 அடி நீளம் 8 அடி அகலத்தில் ஒரு செங்கல் கொட்டகை இருக்கிறது. மேலே தகரம். அப்பா காலத்தில் தேங்காயும் மட்டையும் போட்டுவைக்கக் கட்டியது. 2018 நவம்பர் 16 அன்று நள்ளிரவு தாண்டி கஜா புயல் அடித்ததில் பேராவூரணிப் பக்கம் தோப்பெல்லாம் எப்படி ஆனது என்று எல்லோருக்கும் தெரியும், எங்கள் மரங்களில் முக்கால்வாசி சாய்ந்துவிட்டன, கொட்டகைத் தகரம் இரண்டு வயல் தள்ளிக் கிடந்தது. தகரத்தைத் தூக்கிவந்து திரும்ப மாட்டினோம். ஆனால் உள்ளே போட்டுவைக்கத் தேங்காய் இல்லை. நான்கு வருடம் அப்படியே கிடந்தது, அப்புறம்தான் கோழி வளர்க்கலாம் என்று தோன்றியது.

கொட்டகைதான் தயாராக இருக்கிறதே என்று சிறுவிடை என்கிற சின்ன நாட்டுக்கோழிகள் பதினைந்தை வாங்கி உள்ளே விட்டுக் கதவைச் சாத்திவிட்டேன். இரண்டே வாரத்தில் உள்ளே போனால் கண் எரிய ஆரம்பித்தது. கோழிகளுக்குக் கண்ணில் நீர், தும்மல், இரண்டு செத்தும் போயின. கால்நடை மருத்துவரிடம் ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனபோது அவர் கோழியைப் பார்ப்பதற்கு முன்னால் கொட்டகையைப் பற்றித்தான் கேட்டார். எத்தனை ஜன்னல், எந்தப் பக்கம், மேலே காற்று வெளியேற வழி உண்டா. ஒன்றும் இல்லை. ஒரு கதவு, உள்ளங்கை அகலத்தில் இரண்டு ஓட்டை, அவ்வளவுதான்.

பழைய கொட்டகையை மாற்றுகிறவர்கள் முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டியது இதுதான். அது சாமான் வைக்கக் கட்டியது, காற்றும் வெளிச்சமும் உள்ளே வரக்கூடாது என்று நினைத்துக் கட்டியது. கோழிக்கு வேண்டியது நேர் எதிரானது. இருபது கோழி ஒரு ராத்திரி முழுக்க மூச்சு விட்டு, எச்சம் போட்டு, அந்த ஈரமும் அமோனியாவும் வெளியே போக வழியில்லை என்றால் நீங்கள் என்ன மருந்து கொடுத்தாலும் நிற்காது. அதனால் மாற்றும் வேலையில் பாதி, சுவரை உடைத்துத் திறக்கும் வேலைதான். மீதிப் பாதி, திறந்த இடத்தில் கீரியும் நாயும் பாம்பும் நுழையாமல் அடைக்கும் வேலை.

எத்தனை கோழிக்கு இடம் போதும்

பகலெல்லாம் வெளியே மேய்ந்துவிட்டு ராத்திரி அடைய மட்டும் உள்ளே வரும் நாட்டுக்கோழி என்றால் ஒரு கோழிக்கு 2 சதுர அடி போதும். மழைக்காலத்தில் நாள் முழுக்க உள்ளேயே கிடக்க வேண்டி வரும் என்பதால் நான் 4 சதுர அடி என்று கணக்கு வைத்துக்கொண்டேன். எங்கள் கொட்டகை 96 சதுர அடி, ஆக இருபது பெட்டை, இரண்டு சேவல். எட்டுப் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு சரியாக வரும், அதற்கு மேல் சேவல் வைத்தால் சண்டையும் பெட்டைகளின் முதுகில் இறகு உதிர்வதும்தான் மிச்சம். நிறைய வாங்கிப் போடலாம் என்று கை அரிக்கும், விட்டுவிடுங்கள். குஞ்சு பொரித்து அதுவாகவே பெருகும்.

திசையையும் பாருங்கள். நீளமான பக்கம் வடக்கும் தெற்கும் பார்த்தபடி, அதாவது கொட்டகை கிழக்கு மேற்காக நீண்டிருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம், காலை வெயிலும் சாயங்கால வெயிலும் குறுகிய சுவரில்தான் படும். எங்களுடையது அப்படித்தான். வடக்கு தெற்காக நீண்ட கொட்டகை என்றால் இடித்துவிட்டு வேறு கட்ட வேண்டியதில்லை, மேற்குச் சுவரை உடைக்காமல் முழுசாக விட்டுவிட்டு அந்தப் பக்கம் நான்கு அகத்தியோ முருங்கையோ வைத்துவிடுங்கள். ஒரு வருடத்தில் நிழல் வந்துவிடும், அகத்திக் கீரையைக் கோழியும் தின்னும்.

முதலில் காலி செய்யுங்கள், ஒழுங்காக

இந்த வேலையைப் பலர் அரை நாளில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு மூன்று நாள் ஆனது, அதற்குக் காரணம் உண்டு.

கொட்டகை என்றால் மூலையில் பூச்சிமருந்து டப்பா இருக்கும், உரமூட்டை கிழிந்து சிந்தியிருக்கும், பழைய பெயிண்ட், பேட்டரி, எலிமருந்து எல்லாம் இருக்கும். இதில் மோசமானது குருணை மருந்து. பார்ப்பதற்கு நொய் மாதிரியே இருக்கும், கோழி மண்ணைக் கிளறிப் பொறுக்கித் தின்னும் பிராணி. எங்கள் கொட்டகையின் வடகிழக்கு மூலையில் எந்தக் காலத்திலோ தென்னைக்கு வைக்க வாங்கிய குருணை மருந்துப் பை எலி கடித்துக் கொட்டியிருந்தது, மேலே தூசி படிந்து கண்ணுக்கே தெரியவில்லை, துடைப்பத்தால் தள்ளும்போதுதான் நீலமாக இரண்டு மணி உருண்டது. அந்த மூலை முழுக்க நான்கு விரல்கட்டை ஆழத்துக்கு மண்ணைச் சுரண்டி அள்ளி, கிணறும் குளமும் இல்லாத பக்கமாகத் தள்ளிக் குழி தோண்டிப் புதைத்தோம். கையுறை போட்டுக்கொண்டு, மூக்கைக் கட்டிக்கொண்டு செய்யுங்கள். கொட்டகையில் மருந்து வைத்திருந்ததாக ஞாபகமே இல்லை என்றாலும் தரையின் மேல்மண்ணை இரண்டு அங்குலமாவது சீவி எடுத்துவிடுவது நல்லது.

தெர்மாகோல் துண்டு ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது. கோழிக்கு அதன்மேல் என்ன ஆசையோ, கண்டால் விடாமல் கொத்தித் தின்னும்.

அடுத்தது சுவர் வெடிப்பு. கோழி உண்ணி என்று ஒன்று இருக்கிறது, ராத்திரி வந்து ரத்தம் குடித்துவிட்டு விடிவதற்குள் சுவர் வெடிப்பிலும் மரச்சட்டத்தின் இடுக்கிலும் போய்ப் பதுங்கிக்கொள்ளும், பகலில் கோழியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாலும் பெரிய உண்ணி கையில் கிடைக்காது. தீனி இல்லாமல் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். எனவே முன்னால் எப்போதாவது கோழி அடைத்த கொட்டகை என்றால் கட்டாயம், இல்லாவிட்டாலும் செய்துவிடுங்கள். வெடிப்புகளை ஆணியால் கீறிச் சுத்தம் செய்து சிமெண்ட் கலவை வைத்து அடைத்து, மேலே நீற்றிய சுண்ணாம்பை இரண்டு கை அடிக்க வேண்டும். சுண்ணாம்பு நீற்றும்போது கொதித்துத் தெறிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் பெரிய ஆபத்து.

சுவரைத் திறப்பது

இதைக் கொத்தனாரை வைத்துச் செய்யுங்கள். நாமே கடப்பாரை எடுத்துக்கொண்டு இறங்கக் கூடாது, ஏனென்றால் பழைய கொட்டகைகளில் பெரும்பாலும் லிண்டல், அதாவது திறப்புக்கு மேலே பாரம் தாங்கும் குறுக்குச் சட்டம், கிடையாது, கூரையின் பாரம் முழுக்கச் சுவர்மேல்தான் நிற்கிறது. நடுவில் ஓட்டை போட்டால் மேல்வரிசைச் செங்கல் அப்படியே உட்கார்ந்துவிடும். முதலில் உள்ளே இரண்டு சவுக்கு மரத்தை முட்டுக் கொடுத்து, திறப்பின் மேல்பக்கத்தில் ஒரு பனஞ்சட்டமோ கான்கிரீட் லிண்டலோ வைத்து, அது நின்ற பிறகுதான் கீழே உடைக்க வேண்டும்.

அளவு இப்படி. தரையிலிருந்து ஒன்றரை அடிச் சுவரை அப்படியே விட்டுவிடுங்கள். தரையில் போடும் உமி வெளியே சிதறாது, மழைச் சாரல் உள்ளே தெறிக்காது, குளிர்காற்று நேராகக் கோழியின் மேல் அடிக்காது. அதற்கு மேலே மூன்று அடி உயரத்துக்குத் திறப்பு. நான்கு மூலையிலும் இரண்டு இரண்டு அடிச் சுவரைத் தொடாதீர்கள், கட்டிடம் நிற்பது அதில்தான். எங்களுக்கு வடக்குச் சுவரில் எட்டு அடி, தெற்குச் சுவரில் எட்டு அடி என்று நீளத் திறப்பு கிடைத்தது. எதிரெதிர்ப் பக்கத்தில் இருப்பது முக்கியம், ஒரு பக்கம் மட்டும் திறந்தால் காற்று உள்ளே வந்து போக்கிடம் இல்லாமல் நின்றுவிடும்.

இன்னொரு இடமும் இருக்கிறது, அதைப் பலர் கவனிப்பதில்லை. சுவரின் தலைப்புக்கும் தகரத்துக்கும் நடுவே உள்ள சந்து. சாமான் கொட்டகையில் எலி வரக்கூடாது என்று அதில் மண்ணையோ அரைச்செங்கலையோ வைத்து அடைத்திருப்பார்கள். அதைப் பெயர்த்து எடுத்துவிட்டு வலை அடியுங்கள். சூடான காற்றும் அமோனியாவும் மேலேறிப் போவது அந்த வழியாகத்தான். எங்கள் கொட்டகையில் அதை எடுத்த அன்றைக்கே உள்ளே நின்றால் வித்தியாசம் தெரிந்தது.

மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட கொட்டகை என்றால் ஒரு எச்சரிக்கை. அதை அறுக்காதீர்கள், துளை போடாதீர்கள், உடைக்காதீர்கள். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் திரும்ப வராது, பல வருடம் கழித்து நோயாக வரும். உடையாமல் நல்லபடியாக இருந்தால் அப்படியே விட்டுவிட்டுச் சுவரில் மட்டும் வேலை செய்யுங்கள்.

வலை விஷயத்தில் சிக்கனம் வேண்டாம்

சுவரைத் திறந்த பிறகு நான் செய்த இரண்டாவது தவறு இது. கடையில் கோழி வலை என்று கேட்டால் அறுகோணக் கண் உள்ள மெல்லிய கம்பி வலையைத் தருவார்கள். அதைத்தான் வாங்கி உள்பக்கமாக ஆணி அடித்துக் கட்டினேன். பத்து நாள்கூட ஆகவில்லை. ஒரு நாள் காலையில் போய்ப் பார்த்தால் தெற்குப் பக்கம் வலை கீழ்முனையில் கிழிந்து உள்ளே மடிந்து கிடக்கிறது, உமி முழுக்க இறகு, ஏழு கோழி. தெருநாய்கள். தின்னக்கூட இல்லை, கடித்துப் போட்டுவிட்டுப் போயிருந்தன. என் மகள் வளர்த்த, கழுத்தில் இறகில்லாத கழுத்தறுத்தான் கோழியும் அதில் போய்விட்டது.

அறுகோண வலை கோழியை உள்ளே நிறுத்தி வைக்கும், அவ்வளவுதான். வெளியே இருந்து வருவதை அது நிறுத்தாது. வாங்க வேண்டியது அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பற்றவைத்த வலை. விலை கூடத்தான். ஆனால் நாய் கிழிக்க முடியாது, பெருச்சாளி நுழையாது, ஓரங்குலக் கண்ணில் சுலபமாக நுழையும் சின்னப் பாம்பும் அரை அங்குலத்தில் திணறும். இதை வெளிப்பக்கமாக அடிக்க வேண்டும், அப்போதுதான் வெளியே இருந்து ஒரு பிராணி முட்டித் தள்ளும்போது வலை சுவரோடும் சட்டத்தோடும் சேர்ந்து அழுந்தும். உள்பக்கம் அடித்தால் ஒவ்வொரு தள்ளலும் ஆணியைப் பிடுங்கும், எனக்கு நடந்தது அதுதான். சட்டத்தில் ஒரு சாணுக்கு ஒரு திருகாணி, ஒவ்வொன்றுக்கும் அகலமான வாஷர்.

கீழேயும் அடைக்க வேண்டும். சுவர் அஸ்திவாரம் ஆழமாக இருந்தால் கவலையில்லை, ஆனால் கொட்டகைக்கு யார் ஆழமாக அஸ்திவாரம் போடுகிறார்கள்? சுவரடியிலிருந்து வெளிப்புறமாக இரண்டு அடி அகலத்துக்கு வலையைப் படுக்கப்போட்டு, சுவரோடு சேர்த்துக் கட்டி, மேலே ஒரு அரையடி மண்ணைப் போட்டு மிதித்துவிடுங்கள். தோண்டி வரும் பிராணி சுவரை ஒட்டித்தான் தோண்ட ஆரம்பிக்கும், வலை தட்டினால் இரண்டு அடி பின்னால் தள்ளிப்போய்த் தோண்ட அதற்குத் தோன்றுவதில்லை.

யார் எப்போது வருவார்கள் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் பாதுகாப்பு சுலபம். கீரியும் பருந்தும் காகமும் பகல் வேலைக்காரர்கள், கீரி பெரிய கோழியையே கழுத்தில் பிடித்துவிடும், காகத்துக்குக் குஞ்சு. ராத்திரி வருவது மரநாய், காட்டுப்பூனை, நாய், பெருச்சாளி. சாரைப்பாம்பு முட்டைக்கும் குஞ்சுக்கும் வரும். கீரியையோ மரநாயையோ பொறி வைத்துக் கொல்வது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், அதற்குத் தேவையும் இல்லை. விஷம் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன், கடைசியில் செத்தது பக்கத்து வீட்டு நாயும் இரண்டு மயிலும். நல்ல வலையும் நல்ல தாழ்ப்பாளும் இருந்தால் அவை வேறு இரை தேடிப் போய்விடும்.

கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும், உள்பக்கம் உமி சேர்ந்து தடுக்கும். நிலைப்படியில் அரையடிப் பலகை ஒன்றைக் குறுக்கே அடியுங்கள். ஒரு நாதாங்கி போதாது, கீழே ஒரு கொண்டியும் வேண்டும், ஏனென்றால் பழைய கதவின் கீழ்மூலையைப் பிடித்து இழுத்தால் மூன்று விரல் அகலத்துக்குச் சந்து விடும், ஒல்லியான கீரிக்கு அது வாசல் மாதிரி. அது தவிர கோழி போய்வரச் சுவரில் ஒரு அடிக்கு ஒரு அடி தனி வாசல் வைத்து, மேலும் கீழும் நகரும் தகரக் கதவு போட்டுவிட்டால் காலையில் பெரிய கதவைத் திறக்க வேண்டிய வேலையே இல்லை.

தரை

மண்தரை என்றால் எலி வளை தோண்டும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். செங்கல் ஜல்லியைக் கொட்டித் திமிசு போட்டு மேலே இரண்டு அங்குலம் கான்கிரீட் போட்டோம், சுவரோரமாக ஒரு அடி அகலத்துக்கு உடைந்த பாட்டில் சில்லைக் கலவைக்கு அடியில் பதித்தோம், இது எங்கள் ஊரில் நெல் கொட்டும் அறைக்கு முன்பெல்லாம் செய்கிற முறை. தரை வெளியே இருக்கும் மண்ணைவிட ஒரு அடியாவது உயரமாக இருக்கட்டும். ஐப்பசி கார்த்திகையில் கொல்லையில் தண்ணீர் நிற்கிற வீடு என்றால் இன்னும் கொஞ்சம் உயர்த்துங்கள்.

கூரையும் படுதாவும்

கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து இரைப்பதுதான் சூட்டைத் தணிக்க அதற்கு முக்கியமான வழி. சித்திரை மதியம் வெறும் தகரத்துக்கு அடியில் அடைத்துவைத்தால் கொத்தாகச் சாகும். தகரத்தின் மேலே தென்னங்கீற்றைப் பரப்பி, பழைய மீன்வலையைப் போர்த்தி இழுத்துக் கட்டியிருக்கிறோம். கடலோரத்தில் பழைய வலை சுலபமாகக் கிடைக்கும், கீற்று காற்றில் பறக்காமல் அது பிடித்துக்கொள்கிறது. ஆனால் கீற்றில் எலி குடியேறும், எனவே வருடத்துக்கு ஒரு தடவை மாசியில் எல்லாவற்றையும் இறக்கிப் புதுசாகப் போட்டுவிடுகிறோம். கீற்று கிடைக்காத ஊர் என்றால் தகரத்தின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு அடியுங்கள், ஒரு மழைக்காலத்தில் கழுவிப் போய்விடும், அடுத்த கோடைக்கு முன்னால் திரும்ப அடிக்க வேண்டும்.

திறப்பு இருக்கும் இரண்டு பக்கமும் மூன்று அடித் தாழ்வாரம் இறக்குங்கள், சாரலுக்கும் வெயிலுக்கும் அதுதான் தடுப்பு. தாழ்வாரம் இறக்கினால் காற்று அடியில் புகுந்து தூக்கும் என்பது கஜாவைப் பார்த்த எங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. தகரத்தை ஜே போல்ட் போட்டு முறுக்கியதோடு நிற்காமல், சட்டத்தைத் தடித்த இரும்புக்கம்பியால் சுவருக்குள் இறக்கிய வளையத்தோடு பிணைத்திருக்கிறோம். தாழ்வாரத் தூண்களையும் அப்படியே.

மழைக்காலத்துக்குப் படுதா வேண்டும். எங்கள் பக்கம் ஐப்பசியில் மழை வடகிழக்கிலிருந்து சாய்ந்து அடிக்கும், எனவே வடக்குத் திறப்புக்குக் கட்டாயம். யூரியா சாக்குகளைப் பிரித்துத் தைத்து, நன்றாகத் துவைத்துக் காயவைத்தாலே போதும், தார்ப்பாய்தான் வேண்டும் என்றில்லை. இதில் ஒரு விஷயம் கவனியுங்கள். எல்லோரும் படுதாவை மேலே கட்டிக் கீழே தொங்கவிடுவார்கள். கோழிக் கொட்டகையில் அது தலைகீழ். கீழே ஒன்றரை அடிச் சுவரோடு சேர்த்துக் கட்டிவிட்டு, மேல்முனையைக் கயிற்றால் மேலே இழுக்கிற மாதிரி வையுங்கள். எவ்வளவு மழை அடித்தாலும் மேலே ஒரு சாண் திறந்தே இருக்கட்டும். கோழி இருக்கும் உயரத்தில் காற்றும் சாரலும் படாது, மேலே கெட்ட காற்று வெளியேறிக்கொண்டே இருக்கும்.

அடைவதற்குக் கம்பு, முட்டைக்கு இடம்

சாயங்காலம் ஆனால் கோழி உயரமான இடம் தேடும். கம்பு வைக்காவிட்டால் தரையில் எச்சத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும். மூங்கில் வழுக்கும், வேண்டாம். இரண்டு அங்குலக் கனத்தில் பட்டை சீவிய சவுக்குக் கம்பு நல்லது. ஒரு கோழிக்கு 8 அங்குலம் என்றால் 22 கோழிக்குச் சுமார் 15 அடி, ஆக அகலவாக்கில் எட்டடிக் கம்பு இரண்டு. தரையிலிருந்து இரண்டரை அடி உயரம், சுவருக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு அடி, கம்புக்கும் கம்புக்கும் நடுவில் ஒரு அடி. இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். ஏணி மாதிரி ஏறுவரிசையில் வைத்தால் எல்லாம் மேல்கம்புக்கே அடித்துக்கொள்ளும், கீழே இருப்பதன் தலையில் எச்சம் விழும். கம்பைச் சுவரில் பதிக்காமல் கழற்றி எடுக்கிற மாதிரி கொக்கியில் வைத்து, கொக்கியில் வேப்பெண்ணெய் தடவிவிடுங்கள், உண்ணி ஏறும் பாதை அதுதான்.

முட்டையிடும் இடம் கம்பைவிடத் தாழ்வாக இருக்க வேண்டும். மேலே இருந்தால் ராத்திரி அதிலேயே போய் அடைந்து அசிங்கம் பண்ணிவைக்கும். நான்கைந்து பெட்டைக்கு ஒரு இடம் போதும், எத்தனை வைத்தாலும் எல்லாம் ஒரே இடத்துக்கு வரிசையில் நிற்பதைத்தான் பார்ப்பீர்கள். இருபது லிட்டர் பெயிண்ட் பக்கெட்டைச் சுத்தமாகக் கழுவிப் படுக்கப்போட்டு உள்ளே வைக்கோல் வைத்தால் அருமையாக முட்டையிடும். கொட்டகையின் இருட்டான பக்கத்தில் வையுங்கள். அடை வைப்பதற்கு மட்டும் அகலமான மண்சட்டியில் மணல் போட்டு, தனி மூலையில், மற்ற கோழிகள் தொந்தரவு செய்யாதபடி ஒரு பஞ்சாரத்தைக் கவிழ்த்துவிடுவோம். இடி இடித்தால் கூமுட்டை ஆகிவிடும் என்று அம்மா இன்றைக்கும் அந்த மணலில் ஒரு இரும்பு ஆணியும் அடுப்புக்கரியும் இரண்டு மிளகாய் வற்றலும் வைப்பார், 21 நாளும் அது அங்கேயே இருக்கும், நானும் எடுப்பதில்லை.

உமி

தரையில் நெல் உமி மூன்று அங்குலம். எங்கள் கொட்டகைக்கு ஏழு மூட்டை ஆனது. தேங்காய் நார்க்கழிவும் நல்லது, ஈரத்தை நன்றாக இழுக்கும், ஆனால் முதலில் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். கடலைத் தோலை நனைய விட்டால் பூஞ்சணம் பிடித்து அதன் தூசியே கோழியின் நெஞ்சுக்கு ஆகாது, கவனமாக இருக்க முடியும் என்றால் மட்டும் போடுங்கள். இரண்டு நாளைக்கு ஒரு தடவை கிளறிவிட வேண்டும். கம்புக்கு அடியில் தினமும் ஒரு கைப்பிடிச் சோளத்தைத் தூவிவிட்டால் கிளறும் வேலையைக் கோழியே செய்துவிடும்.

உமி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் ஈரம் அதிகம், அந்த இடத்தை அள்ளிப் போட்டுவிட்டுப் புது உமி போடுங்கள், பெரும்பாலும் தண்ணீர்ப் பாத்திரத்தைச் சுற்றித்தான் இப்படி ஆகும், பாத்திரத்தை ஒரு செங்கல் மேல் ஏற்றிவைத்தால் குறையும். ஈர உமியில்தான் குஞ்சுகளுக்கு ரத்தக்கழிச்சல் வருகிறது. அப்புறம், விடியற்காலையில் கதவைத் திறந்தவுடன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து கோழியின் உயரத்தில் மூச்சை இழுத்துப் பாருங்கள். நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது. அங்கே மூக்கில் ஏறினால் படுதாவை இன்னும் கொஞ்சம் இறக்க வேண்டும்.

கோழியை உள்ளே விடுவதற்கு முன்

வலை வெட்டிய கம்பித் துண்டும் ஆணியும் கண்ணுக்குத் தெரியாமல் தரையில் கிடக்கும், மினுமினு என்று இருப்பதால் கோழி விழுங்கிவிடும், உள்ளே போய் இரைப்பையைக் குத்தும். பழைய ஸ்பீக்கரில் இருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டி, உமி போடுவதற்கு முன்னால் தரை முழுக்கவும் வெளியே சுவரைச் சுற்றியும் இழுத்தேன். ஒரு சிரட்டை நிறையக் கம்பித் துண்டு வந்தது. துடைப்பம் போட்டுப் பெருக்கிய பிறகும் அவ்வளவு.

புதுக்கோழியை முதல் ஒரு வாரம் வெளியே விடாதீர்கள். உள்ளேயே தீனியும் தண்ணீரும் வையுங்கள். முதல் இரண்டு நாள் இருட்டியதும் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கம்பின் மேல் உட்காரவைக்க வேண்டியிருக்கும், மூன்றாம் நாள் தானாக ஏறும். எட்டாம் நாள் சாயங்காலம், இருட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால் திறந்துவிட்டால் பக்கத்திலேயே மேய்ந்துவிட்டுத் திரும்ப வந்துவிடும். பிறகு நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்டலாம்.

வெள்ளைக்கழிச்சலுக்குத் தடுப்பூசி போடாமல் எந்தக் கோழியையும் பழைய கோழிகளோடு சேர்க்காதீர்கள், வந்தால் கொட்டகையே காலியாகும். பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்துகிறது. தை முடிவதற்குள் கொட்டகை வேலையை முடித்துவிட்டால் அதற்குச் சரியாக இருக்கும். நாங்கள் பொங்கல் கழிந்து மூன்றாம் நாள் சுவரை உடைக்க ஆரம்பித்து மாசி பிறப்பதற்குள் முடித்தோம், கொத்தனாரும் ஒரு சித்தாளும் நான்கு நாள், மீதியெல்லாம் வீட்டு ஆட்கள்.

ராத்திரி கதவைச் சாத்துவதற்கு முன்னால் டார்ச் அடித்துக் கம்பின் மேல் இருப்பதை எண்ணிவிடுங்கள். ஒன்று குறைந்தால் பெரும்பாலும் எங்காவது வைக்கோல் போரில் திருட்டு அடை உட்கார்ந்திருக்கும், அன்றைக்கே தேடுங்கள், மறுநாள் வரை விட்டால் கீரி முந்திக்கொள்ளும்.